மழை பெய்யாத கல்யாணம்

சுண்ணாம்புக்கல் தண்ணீரில் வேகும்போது முதலில் ஒரு சீறல் வரும். அப்புறம் களக் களக்கென்று கொதிப்பு. கடைசியில் பெருமூச்சு மாதிரி ஒன்று விட்டு அடங்கும். கூடவே ஒரு வாசனை. சூடேறிய மண்ணில் முதல் தண்ணீர் பட்டது போல இருக்கும், ஆனால் மூக்கைக் கொஞ்சம் கிள்ளும்.

அந்த வாசனை எங்கே வந்தாலும் நான் நின்றுவிடுகிறேன். போகிற வேலை மறந்துபோகிறது. வாசனை என்னை தர்மபுரியில் ஓர் ஆஸ்பத்திரி வார்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறது. அங்கிருந்து அதற்கும் முன்னால், கடத்தூரில் என் வீட்டு நடைச் சுவர் வரைக்கும் போகிறது. அதற்கு மேல் ஓர் அடி எடுத்து வைக்காது. அந்தச் சுவருக்கு அப்பால் என் மகளின் கல்யாணம் இருக்கிறது. மேளச் சத்தமாவது கேட்கிறது என்று எழுத ஆசை. கேட்கவில்லை.

நான் கண்டக்டர். கடத்தூர்–தர்மபுரி தடத்தில் ஒரு தனியார் பஸ். ஒரு இடத்தில் நிற்காத கால் எனக்கு, அதற்கேற்ற வேலை. கொஞ்சம் எழுதவும் செய்வேன். அதைக் கவிதை என்றால் கவிதைக்காரர்கள் ஒத்துக்கொள்வதில்லை, கதை என்றால் கதைக்காரர்கள் சிரிக்கிறார்கள். இரண்டு ஸ்டாப்புக்கு நடுவில் கைகாட்டி ஏறுகிற எழுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். இதையும் அப்படித்தான் எழுதுகிறேன். எனக்கு வந்த நோய் உங்கள் வீட்டில் யாருக்காவது வந்தால், படுத்திருப்பவனின் மண்டைக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாமல் நீங்கள் தவிப்பீர்கள். அதற்காக.

புரட்டாசி மாதம். சுரம் என்று இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டு வண்டிக்குப் போனேன். தலை கொதித்தது. திடீரென்று பஸ்ஸுக்குள் கற்பூரம் கருகுகிற நாற்றம். "யாருப்பா அது, பஸ்ஸுல கற்பூரம் கொளுத்தறது?" என்று கத்தினேன். யாரும் கொளுத்தவில்லை. யாருக்கும் அந்த நாற்றம் தெரியவுமில்லை. அப்புறம் நான் ஸ்டாப் பெயர்களைக் கடைசியிலிருந்து முதலுக்குக் கூப்பிட ஆரம்பித்தேனாம். ஏறின ஜனம் முதலில் சிரித்ததாம். படிக்கட்டுப் பக்கம் நான் சாய்ந்தபோதுதான் ஒரு பெரியவர் என் பையைப் பிடித்து இழுத்து உள்ளே போட்டாராம்.

இந்த 'ஆம்' எல்லாம் பிறர் கொடுத்தது. என்னுடையது அந்தக் கற்பூர நாற்றம் மட்டும்.

கண்ணைத் திறந்தபோது இரும்புக் கட்டில், பச்சைத் திரை, பினாயில். என் மனைவி கோவிந்தம்மா கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் மகள் வசந்தா. நான் கேட்ட முதல் கேள்வியை இரண்டு பேருமே இன்று வரை மறக்கவில்லை.

"வசந்தா, டைப்ரைட்டிங் கிளாஸுக்குப் போகல?"

 அப்போதுதான் அவள் கழுத்தைப் பார்த்தேன். மஞ்சள் கயிறு. இன்னும் நிறம் மங்காத கயிறு.

"என்ன கண்ணு இது?" என்றேன்.

வசந்தா அம்மாவைப் பார்த்தாள். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். வைகாசியில் கல்யாணம் நடந்திருக்கிறது. நான்தான் மாப்பிள்ளை பார்த்தேன், ஏரியூர்க்காரப் பையன். நான்தான் பந்தல் போட்டேன், நான்தான் பந்தியில் நின்று யாருக்கு சாம்பார் என்று கேட்டேனாம். அந்த வைகாசி மட்டுமில்லை, அதற்கு முந்தின தீபாவளி, பொங்கல் எல்லாமே என் நினைவிலிருந்து ஒரே வெட்டாகப் போயிருந்தன.

டாக்டரம்மா வந்து, பிரதமர் யார் என்று கேட்டார். சொன்னேன். பக்கத்துக் கட்டில் ஆள் எழுந்து உட்கார்ந்து, "அந்தம்மா போய்ச் சேந்து வருசம் ஆகப்போகுதேங்க" என்றார். ஊரெல்லாம் அழுது முடித்த துக்கத்தை நான் தனியாக, போர்வைக்குள், அன்றைக்குத்தான் அழுதேன். மறுநாளும் அழுதேன். ஏனென்றால் மறுநாளும் அது எனக்குப் புதுச் செய்தி.

டாக்டரம்மாவின் பெயர் சரோஜா. பெங்களூர்ப் பக்கத்தவர், கன்னடம் கலந்த தமிழ். மூளை எப்படி ஒன்றை ஞாபகத்தில் வைக்கிறது, எப்படித் திரும்ப எடுக்கிறது என்பதுதான் அவருடைய மேல்படிப்பு. முதுகெலும்பு இடுக்கில் ஊசி போட்டுத் தண்ணீர் எடுத்தார்கள். மூளையைச் சுற்றி நிற்கிற அதே தண்ணீர்தானாம் அது, அதைப் பார்த்தால் மூளைக்குள் கிருமி உண்டா என்று தெரியுமாம். ஊசியைவிட, முழங்காலை வயிற்றோடு மடக்கிப் படுக்கச் சொன்னதுதான் பயமாக இருந்தது. இன்னொரு நாள் தலை முழுக்கக் கம்பிகளை ஒட்டி, மூளையில் ஓடுகிற மின்சாரத்தைக் காகிதத்தில் கோடு கோடாக எடுத்தார்கள். மூளைக் காய்ச்சல் என்றார்கள். கிருமி, காதுக்கு நேர் உள்ளே ஓர் இடத்தைக் கடித்துவிட்டுப் போயிருக்கிறது.

"அந்த எடம் பாக்கறதுக்கு கடல் குதிரை மாதிரி இருக்கும்" என்று டாக்டரம்மா கோவிந்தம்மாவிடம் விளக்கினார். "புதுசா நடக்கறத அதுதான் வாங்கி வைக்கும். ரொம்பப் பழசு அங்க இருக்காது, மூளை பூரா பரவிப் போயிருக்கும். அதனாலதான் சாருக்குப் பழசு இருக்கு, கிட்டத்துல நடந்தது இல்ல. ஹௌதா, சரிதானே?"

கோவிந்தம்மாவுக்கு ஒரு சந்தேகம். "எங்க ஜில்லாவுக்கே கடல் கெடையாதுங்க டாக்டரம்மா. இவுரு மண்டைக்குள்ள மட்டும் எப்படிங்க கடல் குதிர வந்துது?"

டாக்டரம்மா சிரித்து முடிக்க நேரமாயிற்று. வார்டில் எனக்குக் கடல்குதிரைக்காரர் என்று பெயர் விழுந்தது அன்றுதான்.

தினமும் ஒரு சோதனை நடக்கும். மேசை மேல் ஒரு சீப்பு, ஒரு எலுமிச்சம்பழம், ஒரு சாவி. பார்க்கச் சொல்லி மூடிவிடுவார். கொஞ்சம் பேச்சுக் கொடுத்துவிட்டு, என்ன பார்த்தீங்க என்பார். நான் விழிப்பேன். எதையாவது பார்த்தேன் என்பதே தெரியாது. அதே நான், "உங்க ரூட் சொல்லுங்க" என்றால், தூங்குகிறவனை எழுப்பிக் கேட்டாலும் கடத்தூரில் ஆரம்பித்து தர்மபுரி பஸ் ஸ்டாண்டு வரை ஒரு புளியமர ஸ்டாப் விடாமல் சொல்வேன். காகிதத்தைக் கையில் கொடுத்தால் விரல்கள் தாமாக டிக்கெட் கிழிக்கிற மாதிரி கிழித்து மடிக்கும்.

"பழக்கம் வேற எடத்துல இருக்கு சார்" என்றார் டாக்டரம்மா. "அதக் கிருமி தொடல."

எனக்கு அதில் ஆறுதல் இல்லை. ஸ்டாப் பெயர் இருந்து என்ன, அதில் இறங்கிப்போன மகள் இல்லையே என்றிருந்தது.

இன்னொன்று நான் தினமும் கேட்டேனாம்.

"கோவிந்தம்மா, தோடு எங்க? காது மூளியா இருக்குது?"

முதல் நாள் உண்மையைச் சொல்லியிருக்கிறாள். மருந்துச் சீட்டு ஒவ்வொன்றும் வெளிக் கடைக்குப் போனது. பெங்களூரிலிருந்து ஒரு மருந்து வரவழைக்க வேண்டியிருந்தது. தோடு போய்விட்டது. நான் இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் மறுபடி கேட்டேன், மறுபடி உண்மை, மறுபடி இடிந்தேன். அப்புறம் அவள் முடிவு செய்துவிட்டாள். ஒரே துக்கத்தை ஒரு மனுஷனுக்கு எத்தனை முறை கொடுப்பது? "அழுக்கா இருந்துது, பூந்திக்காய்ல ஊறப் போட்டிருக்கேங்க" என்பாள். சரி என்று சாப்பிடுவேன்.

என் மச்சான் மாது, கோவிந்தம்மாவின் தம்பி, வாயால் வாழ்கிறவன். அரூர்ச் சந்தையில் மாட்டுத் தரகு. அவன் ஒரு மாட்டை வர்ணித்தால் மாட்டுக்கே வெட்கமாக இருக்கும். சாயங்காலம் சோற்றுத் தூக்கோடு வருவான். என் கட்டிலில் ஏறி உட்கார்ந்து கல்யாணத்தைச் சொல்வான்.

"மாமா, நீ போட்ட பந்தல் இருக்குதே, கடத்தூர்ல இந்நாள் வரிக்கும் யாரும் போடல. தாலி கட்டற நேரம், புடிச்சிதே மழை! மேளக்காரன் துண்டால மேளத்த மூடறான், அய்யரு மந்திரத்த மூடறாரு. நீ வேட்டிய மடிச்சிக் கட்டிக்கிட்டு நடு மழையில நின்னு, ஒருத்தரும் எந்திரிக்கக் கூடாதுன்ன பாரு, சனம் அப்படியே உக்காந்துது!"

தினமும் சொன்னான். தினமும் நான் புதிதாகக் கேட்டேன். வசந்தா பக்கத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருப்பாள்.

ஒரு நாள் காலை விழிக்கும்போதே எனக்குள் மழை பெய்துகொண்டிருந்தது. பந்தல் ஓலையிலிருந்து சொட்டுகிறது. துண்டு மூடிய மேளம். மடித்த வேட்டி. எல்லாம் கண்ணெதிரில்! "வந்துடுச்சு! ஞாபகம் வந்துடுச்சு!" என்று கத்தினேன். நர்ஸ் ஓடிவந்தார். டாக்டரம்மா வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மழையில நீங்க எங்க நின்னீங்க?"

"பந்தலுக்கு நடுவுல. வேட்டிய மடிச்சிக் கட்டிக்கிட்டு."

"உங்க முகம் தெரியுதா?"

"நல்லாத் தெரியுதுங்க. தண்ணி வழியுது."

"சார், உங்க முகம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

 வசந்தாவைப் பார்த்தேன். அவள் உரித்த ஆரஞ்சை என் தட்டில் வைத்துவிட்டு மெல்லச் சொன்னாள்: "மழையே பெய்யலப்பா. நல்ல வெயிலு."

மாது துண்டால் கழுத்தைத் துடைத்தான். "சும்மா ஒரு இதுக்கு... வெறும் வெயிலுன்னு சொன்னா என்ன மாமா இருக்குது அதுல? கொஞ்சம் மழைய சேத்துக்கிட்டேன்."

யாரும் அவனைத் திட்டவில்லை. நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அவன் அன்பில் செய்த மழை அது. ஆனால் அந்த ஒரு காலையில் எனக்கு ஒரு கல்யாணம் இருந்தது, பிறகு இல்லை. அந்த வலி மட்டும் மறுநாளும் நின்றது.

டாக்டரம்மா விளக்கினார். கேட்டதை மூளை படமாக வரைந்துகொள்ளும். அந்தப் படத்துக்கும் கண்ட படத்துக்கும் வித்தியாசம் அதற்கே பல சமயம் தெரியாது. ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் கொஞ்சம் திருத்தி வைக்கும். நல்ல மூளைக்கும் இதே கதிதான். பிறகு குடும்பத்தை வராந்தாவுக்குக் கூட்டிப்போய் ஒரு சத்தியம் வாங்கினார். கல்யாணத்தில் ஒரே ஒரு விஷயத்தை யாரும் எனக்குச் சொல்லக்கூடாது. அது தானாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். எதை என்று வசந்தாவையே எடுக்கச் சொன்னார். அவள் எடுத்தது, அவள் புகுந்த வீட்டுக்குக் கிளம்பிய கார் புறப்படும்போது நான் சொன்னது.

அப்படி ஒன்று இருக்கிறது என்று மட்டும் தினமும் எனக்கு ஞாபகப்படுத்தினார்கள். அவ்வளவுதான். என் மிச்ச வாழ்க்கையின் தாகம் முழுக்க அந்த ஒரு சொல் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. கார் ஜன்னலில் என் மகள். நான் வெளியே. என்ன சொன்னேன்? நன்றாக இரு என்றா? எழுதுகிறவன் ஆயிற்றே, அழகாக ஏதாவது சொல்லியிருப்பேனா? அழுதேனா?

மாதுவைக் கெஞ்சினேன். "மாமா, வாயில பூட்டு போட்டிருக்காங்க. சத்தியமா முடியாது" என்றவன், திரும்பிக்கொண்டு துண்டை வாயில் அடைத்துக் குலுங்கினான். அழுகிறானா சிரிக்கிறானா என்று முதுகைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

இந்த நேரத்தில்தான் மாப்பிள்ளையிடமிருந்து சேதி வந்தது. சூரத்தில் ஒரு மில்லில் அவருக்கு வேலை கிடைத்துவிட்டது. ஐப்பசி முடிவதற்குள் வசந்தாவையும் கூட்டிக்கொண்டு ரயிலேற வேண்டும். வசந்தா என்னிடம் சொன்னாள். மறுநாளும் சொன்னாள். அதற்கு மறுநாள், சொல்லத் தொடங்கி நிறுத்திக்கொண்டு, "அப்பா, நான் போனப்புறம் நீ எந்திரிச்சு, டைப்ரைட்டிங் கிளாஸுக்குப் போயிட்டாளான்னு கேப்பியா?" என்றாள்.

"தெரியலியே கண்ணு."

"நான் கெளம்பினது உனக்கு ஞாபகம் இல்லன்னா, நான் இன்னும் நம்ம வூட்டுலயே நிக்கற மாதிரி இருக்குதுப்பா. போன எடத்துலயும் இல்ல, வந்த எடத்துலயும் இல்ல."

அந்தப் பேச்சு எனக்கு நினைவிருக்கிறது. பிறர் சொல்லித் தெரிந்ததில்லை, நானே கேட்டது. எப்படித் தெரியும் என்றால், மறுநாள் காலை கோவிந்தம்மா கஞ்சியோடு வந்து, நான் கேட்பதற்காகக் காத்துக்கொண்டு நின்றாள். நான் கேட்கவில்லை.

"ஏங்க, தோடு எங்கன்னு கேக்கல?"

"அதான் நேத்தே சொன்னியே, பூந்திக்காய்ல ஊறுதுன்னு."

கஞ்சிக் கிண்ணத்தை அவள் கட்டில் மேலேயே வைத்துவிட்டாள். நேற்று! எனக்கு ஒரு நேற்று இருந்தது. "ஊறலைங்க, வித்துட்டேங்க" என்று சொல்லிவிட்டு அவள் ஒரே அழுகை, ஒரே சிரிப்பு. "இனிமே ஒரு வாட்டி சொன்னாப் போதும் இல்ல?" நர்ஸ் இரண்டு பேரையும் அதட்டினார்.

புதிது தங்க ஆரம்பித்தது. சீப்பு, எலுமிச்சை, பிறகு சாவியும். போனது மட்டும் வரவில்லை.

அப்புறம் அந்தக் காலை. யாரோ பெரிய அதிகாரி பார்வையிட வருகிறாராம், வார்டுக்கு வெள்ளையடிக்கப் போகிறார்கள். முற்றத்தில் பீப்பாயில் சுண்ணாம்புக்கல்லைக் கொட்டித் தண்ணீர் ஊற்றினார்கள். சீறல், கொதிப்பு, பெருமூச்சு. வாசனை ஜன்னல் வழியே ஏறி வந்தது.

நான் என் வீட்டு நடையில் நின்றிருந்தேன். வலது கையில் வெள்ளையடிக்கிற மட்டை, முழங்கை வரை சுண்ணாம்பு. சுவர் முழுக்க ஈரம், கறுப்பாகக் கிடந்தது. என் பின்னால் வசந்தாவின் குரல்: "அய்ய, என்னப்பா வெள்ள அடிச்ச? முன்னவிட மோசமா இருக்குது. இன்னொரு கோட்டு அடி." நான் சொல்கிறேன்: "காயட்டும் இரு. ஈரத்துல தெரியாது, காஞ்சாதான் வெளுக்கும். ஈரத்து மேல ஈரம் அடிச்சா பொறுக்கு தட்டி உதுந்துடும்." திரும்பும்போது ஒரு சொட்டு கண்ணில் விழுந்தது. எரிச்சல். அவள் ஓடிவந்து, சொம்புத் தண்ணீரால் கண்ணைக் கழுவி, இமையை விரித்துப் பிடித்து ஊதினாள். அவள் மூச்சில் பொட்டுக்கடலை வாசனை. கல்யாணத்துக்கு வாங்கி வைத்ததைத் தின்றுகொண்டிருந்தாள் போல.

இதில் என் முகம் இல்லை. அவள் முகம் மட்டும், மிகக் கிட்டத்தில், தண்ணீருக்கு அப்பால் கலங்கலாக.

டாக்டரம்மாவிடம் மட்டும் சொன்னேன். அவர் வசந்தாவைத் தனியாகக் கூப்பிட்டு, வெள்ளையடித்த நாளில் என்ன நடந்தது என்று மட்டும் கேட்டார். திரும்பி வந்தவர் முகத்தில் ஒரு வெளிச்சம். "எல்லாம் சரி சார். வீட்டில அப்ப வேற யாரும் இல்லையாம், உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க முடியாது. ஒண்ணே ஒண்ணு தப்பு. அது பொட்டுக்கடலை இல்லையாம், வேர்க்கடலையாம்."

வசந்தா பின்னாலேயே வந்து என் கண்ணைப் பார்த்தபடி நின்றாள். எந்தக் கண் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

மூச்சுக்கு மூச்சு அந்தச் சுவரைத் தாண்டப் பார்த்தேன். நடைக்குப் பின்னால் வாசல், வாசலில் கார், காரில் அவள். வரவில்லை. வார்டுச் சுவர் காய்ந்து பளீரென்று வெளுத்தது, கண் கூசியது. வரவில்லை. "ஞாபகத்தோட கதவ நேரா போய்த் தட்டறது மூக்கு ஒண்ணுதான் சார்" என்றார் டாக்டரம்மா. "எல்லாக் கதவையும் அது தட்டாது. சிலது எழுதப்படவே இல்லாம இருந்திருக்கலாம்." அவர் குரலில் படிப்பு இல்லை, இரக்கம் இருந்தது.

வசந்தா கிளம்பும் நாள் வந்தது. நான் இன்னும் ஆஸ்பத்திரியில்தான். வாசல்வரை போக அனுமதி கிடைத்தது. கோவிந்தம்மா ஒரு பக்கம், மாது ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள, தெருவோரம் நின்றேன். இத்தனை நாள் கழித்துத் தார் ரோடு, டீசல் புகை. பென்னாகரம் வழியாக ஏரியூர் போகிற பஸ் வந்து நின்றது; அங்கே மாப்பிள்ளையோடு சேர்ந்துதான் அவள் ரயிலுக்குப் போக வேண்டும். மாது டிரங்குப் பெட்டியை மேலே ஏற்றினான். வசந்தா ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து கையை வெளியே நீட்டினாள். பிடித்துக்கொண்டேன்.

"சொல்லிடட்டுமாப்பா?" என்றாள். "டாக்டரம்மா திட்டினா திட்டட்டும். சூரத்துல போய் உக்காந்துக்கிட்டு, அப்பாவுக்குத் தெரியாதே, தெரியாதேன்னு என்னால இருக்க முடியாது."

ஆசையாக இருந்தது. எவ்வளவு ஆசை என்று எழுத எனக்கு வார்த்தை இல்லை. ஆனால் மழை பெய்த அந்தக் காலை ஞாபகத்துக்கு வந்தது. அவள் சொன்னால் நான் வரைந்துகொள்வேன், அழகாக வரைந்துகொள்வேன், அப்புறம் என்றைக்கும் உண்மை எது என்று தெரியாது.

"வேணாங்கண்ணு. அது உங்கிட்டயே இருக்கட்டும். இன்னிக்கி நீ போறது எனக்கு மறக்காது. இது போதும்."

அவள் கையை விடவில்லை. நானும் விடவில்லை. கோவிந்தம்மா அழுதாள். பஸ்ஸின் கண்டக்டர், சின்னப் பையன், விசில் வாயிலேயே இருக்க எங்களைப் பார்த்துக்கொண்டு ஊதாமல் நின்றான். டிரைவரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார். வண்டி உறுமிக்கொண்டே நின்றது. உள்ளே ஒரு குழந்தை அழுதது, யாரோ "நேரமாவுதுங்க" என்றார்கள்.

நான் யோசிக்கவில்லை. என் கை அவள் கையிலிருந்து கழன்றது. அது பஸ்ஸின் தகரத்தில் இரண்டு முறை தட்டியது. தொண்டை தானாகத் திறந்துகொண்டது.

"போலாம்... ரைட்!"

டிரைவர் பழக்கத்தில் கியரைப் போட்டுவிட்டார். பஸ் நகர்ந்தது. என் பின்னால் மாது துண்டை எறிந்துவிட்டு, ஐயோ மாமா, ஐயோ மாமா என்று குதித்தான். வசந்தா பாதி உடம்பை ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள். முகமெல்லாம் கண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு. டீசல் புகைக்கு மேலே அவள் குரல் வந்தது:

"அப்பா, இதேதாம்பா! அன்னிக்கும் காரத் தட்டி இதேதாம்பா சொன்ன!"